வாடைக் காலத்தில் சிறு படகும் கடற்பயணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகப்பட்டினம் முதல் பாம்பன் வரையுள்ள கரையில் சிறு படகு வைத்திருப்பவர்களும், அந்தக் கடலைக் கடந்து பயணம் போக நினைப்பவர்களும் புரட்டாசி பிறந்ததும் கேட்கத் தொடங்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. இங்கே படகு என்று சொல்லப்படுவது பெரும்பாலும் 7 முதல் 10 மீட்டர் நீளமுள்ள பைபர் படகும் நாட்டு வள்ளமும்தான்.

வாடைக் காலம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது?

தமிழகக் கரையில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கான இயல்பான தேதி அக்டோபர் 20 என்பார்கள். சில ஆண்டுகளில் அது மாத இறுதி வரை தள்ளிப்போகும். டிசம்பர் முடியும்போது மழை பெரும்பாலும் ஓய்ந்துவிடும், ஆனால் காற்று ஓய்ந்துவிடாது. தை மாதத்திலும் வாடை என்ற வடகிழக்குக் காற்று விடாமல் வீசும் நாள்கள் உண்டு. மாசி பாதியைத் தாண்டிய பிறகே கடல் உண்மையில் இளகுகிறது. மழை நின்றதைப் பார்த்துப் பருவமே முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்வதுதான் இந்தக் கரையில் பலரும் செய்யும் கணக்குப் பிழை. ஆகவே ஐப்பசி முதல் தை முடிய நான்கு மாதங்களையும் ஒரே பருவமாக வைத்துத் திட்டமிடுவது நல்லது.

படகு வேலைகளை எப்போது முடித்திருக்க வேண்டும்?

புரட்டாசி நடுவுக்குள் முடித்திருக்க வேண்டும். இதற்குக் காரணம் ரெசின். பைபர் படகின் வெடிப்பை அடைக்கும் ரெசின் பசையும் மேட் என்ற கண்ணாடியிழைத் துணியும் சரியாகப் பிடிக்க வேண்டுமானால், வெடிப்பு உள்ளே வரை உலர்ந்திருக்க வேண்டும். உப்புநீரில் கிடந்த படகைக் கரையேற்றி, நல்ல தண்ணீரால் கழுவி, சில நாள் வெயிலில் காயவைத்த பிறகே கை வைக்கலாம். ஐப்பசியில் அப்படித் தொடர்ந்து வெயில் கிடைக்காது. ஈரத்தின் மேல் பூசிய ரெசின் மேலே இறுகியதுபோல் காட்டிவிட்டு, முதல் பெரிய அலையில் ஏடு ஏடாக உரிந்துவரும். அதோடு, ஐப்பசி பிறந்த பிறகு ஊரே ஒரு மிஸ்திரியைத் தேடி அலையும் என்பதும் தெரிந்ததுதானே.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள மீன்பிடித் தடைக் காலத்தில் விசைப்படகுகளைப் பழுதுபார்ப்பது வழக்கம். அந்த வேலையை வாடைக்கும் சேர்த்துச் செய்ததாகக் கருத முடியாது. அதற்குப் பிறகு நான்கு மாதம் படகு ஓடியிருக்கிறது. அடிமரமும் சுக்கானும் நீருக்கு மேலுள்ள இணைப்புகளும் இன்னொரு முறை பார்க்கப்பட வேண்டியவை.

பைபர் படகில் முதலில் எதைப் பார்ப்பது?

பின்பலகையைப் பார்க்க வேண்டும். எஞ்சினைத் தாங்குவது அதுதான். பெரும்பாலான படகுகளில் அதன் உள்ளே ஒட்டுப்பலகை வைத்து, மேலே பைபர் போர்த்தியிருப்பார்கள். போல்ட் துளைகளின் வழியே நீர் இறங்கி, வெளியே பளபளப்பு குறையாமலேயே உள்ளே பலகை மக்கிப்போகும். சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்றும் மக்கிய இடம் பொத்தென்றும் ஒலிக்கும். எஞ்சினின் தலையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கும்போது பலகையும் சேர்ந்து வளைந்தால், அந்தப் படகு இந்தப் பருவத்தில் கடலுக்குப் போகக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அடுத்தது அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நங்கூரக் கயிறு கட்டும் கட்டை. கோடையில் அதன் மேல் பெரிய பாரம் விழுவதில்லை. வாடையில் ஒவ்வோர் அலைக்கும் படகின் முழு எடையும் அதில்தான் வந்து விழும். வெறும் பைபர் தளத்தில் போல்ட்டை முறுக்கியிருந்தால் போதாது. அடியில் அகலமான தகடோ பலகையோ கொடுத்து இறுக்கியிருக்க வேண்டும். படகு கவிழ்ந்தாலும் மிதக்கும்படி தெர்மாகோல் அடைத்த அறைகள் சில படகுகளில் உண்டு. அந்த அறைகளுக்குள் நீர் புகுந்திருக்கிறதா என்று திறந்து பார்ப்பவர் குறைவு. நீர் புகுந்திருந்தால் மிதப்புக்காக வைத்தது பாரமாகிவிடும்.

மழைநீரையும் கணக்கில் கொள்ள வேண்டும். திறந்த மேற்பரப்பு 10 சதுர மீட்டர் உள்ள ஒரு படகில் ஒரே இரவில் 10 செ.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர், அதாவது ஒரு டன் நீர் சேரும். கார்த்திகையில் அப்படிப்பட்ட மழை அபூர்வமல்ல. கட்டிக் கிடக்கும் படகுகள் காற்றில் மூழ்குவதைவிட இப்படி மழையில் நிரம்பி, தாழ்ந்து, பிறகு சிறிய அலைக்கே மூழ்குவதுதான் அதிகம். தார்ப்பாயை நடுவில் குழி விழாதபடி கம்பு கொடுத்துக் கட்டுவதும், விடியற்காலையில் ஒருவர் போய் நீர் இறைப்பதும் செலவில்லாத வேலைகள்.

மர வள்ளத்துக்கு வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

கலப்பத்து பார்க்க வேண்டும். பலகை இடுக்குகளில் திணித்த பஞ்சு தளர்ந்திருந்தால் எடுத்துவிட்டுப் புதிதாக அடைத்து, மேலே எண்ணெய் பூசி உலர விட வேண்டும். நீண்ட நாள் வெயிலில் கிடந்த வள்ளத்தை நேரே அலைக்குள் இறக்காமல், அமைதியான நீரில் ஒரு நாள் போட்டுப் பலகை ஊறிப் பொருந்திய பிறகு வெளியே கொண்டுபோவது முறை.

எஞ்சினில் என்ன கவனிக்க வேண்டும்?

இந்தப் பருவத்தில் எஞ்சின் நின்றுபோவதற்கு முக்கியக் காரணம் எரிபொருளில் கலந்த நீர். குறைவாக நிரப்பிய தொட்டியின் உள்சுவரில் இரவுக் குளிரில் ஈரம் வியர்த்து அடியில் சேரும். மழையில் கேனைத் திறந்து ஊற்றும்போதும் சேரும். படகு அமைதியாகப் போகும்வரை அந்த நீர் அடியிலேயே கிடக்கும். கடல் குலுக்கத் தொடங்கியதும் கலங்கி எஞ்சினுக்குள் போகும். அதாவது எஞ்சின் எந்த நேரத்தில் நிற்கவே கூடாதோ அந்த நேரத்தில் நிற்கும். ஆகவே நீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைப் பொருத்துவதும், தொட்டியை எப்போதும் நிறைத்து வைப்பதும், மாற்று வடிகட்டியை உலர்ந்த பையில் படகிலேயே வைத்திருப்பதும் அவசியம்.

அவுட்போர்டு எஞ்சின்களில் குளிர்நீர் பம்பின் ரப்பர் இறக்கையைப் பருவத்துக்கு முன்பே மாற்றிவிடலாம். ஆற்று வெள்ளம் கொண்டுவரும் சேறும் ஆகாயத்தாமரையும் நீர் இழுக்கும் துளையை அடைத்துவிடும். பின்புறம் பீய்ச்சும் நீர் மெலிந்தால் உடனே எஞ்சினை நிறுத்திப் பார்க்க வேண்டும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவுவது எல்லாப் பருவத்துக்கும் பொதுவானது. பல வாரங்கள் ஓட்டப்போவதில்லை என்றால் எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவதே நல்லது. எதிர்பாராத புயல் வந்தால் படகு போனாலும் எஞ்சினாவது மிஞ்சும்.

வானிலை அறிக்கையில் எதை உன்னிப்பாகப் படிக்க வேண்டும்?

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மீனவர் எச்சரிக்கையில், 'மணிக்கு 35 முதல் 45 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 55 கி.மீ. வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும்' என்ற வகையில் ஒரு வரி இருக்கும். பலர் முதல் இரண்டு எண்களோடு நிறுத்திவிடுகிறார்கள். படகைக் கவிழ்ப்பது மூன்றாவது எண்தான். காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 45 கி.மீ. காற்றைவிட 55 கி.மீ. காற்று ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பலத்தோடு தள்ளும்.

எந்தக் கடற்பகுதிக்கான எச்சரிக்கை என்பதையும் பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடா, குமரிக்கடல், தமிழகக் கடலோரம், தென்மேற்கு வங்கக்கடல் என்று தனித்தனியே சொல்வார்கள். தென்மேற்கு வங்கக்கடலுக்கு மட்டும் சொல்லியிருந்தாலும் கோடியக்கரைக்கு வடக்கேயுள்ளவர் அதைத் தமக்கானதாகவே கொள்ள வேண்டும், ஏனெனில் அங்கே எழும் அலை தடையின்றி வந்து சேரும். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை உயர எச்சரிக்கையிலும் ஒரு நுட்பம் உண்டு. அதில் குறிப்பிடும் உயரம், அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. 2 மீட்டர் என்றிருந்தால், இடையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் ஓர் அலை வருவதையும் எதிர்பார்க்க வேண்டும்.

தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்ற பெயர்கள் காற்றின் வேகத்தை வைத்து வழங்கப்படுபவை: முதலாவது மணிக்கு 31 முதல் 49 கி.மீ. வரை, இரண்டாவது 50 முதல் 61 வரை, 62-ஐ எட்டினால் புயல். 'இன்னும் புயலாகவில்லை' என்ற செய்தி நிலத்தில் இருப்பவருக்கு ஆறுதலாக இருக்கலாம். 8 மீட்டர்ப் படகில் இருப்பவருக்கு அதில் ஆறுதல் ஒன்றுமில்லை. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகும் வேகமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. 2017-இல் ஒக்கி, நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாகி, மறுநாளே குமரிக்கடலில் புயலாகிவிட்டது. பல நாள் தங்கலுக்கு ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரிக் கரைப் படகுகளுக்கு அந்தச் செய்தியைக் கொண்டுசேர்க்கவே வழியில்லாமல் போனது.

துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டுகள் எதைக் குறிக்கின்றன?

1-உம் 2-உம் தொலைவில் நடப்பதைச் சொல்கின்றன. 3-உம் 4-உம் அந்தத் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும் என்பவை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது நேரே மேலேயே கடக்குமா என்பதை வைத்து அந்த எண்கள் மாறும். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. இவை பெரிய கப்பல்களை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை என்பதை மறக்க வேண்டாம். சிறு படகுக்காரர் 1-ஆம் எண்ணைக் கண்டதுமே வெளிப்பயணத்தை நிறுத்திவிட்டு, 3-ஆம் எண் ஏறுவதற்குள் படகைக் கட்டும் வேலையை முடித்திருக்க வேண்டும்.

புறப்படும்போது கடல் அமைதியாக இருந்தால் போதாதா?

போதாது. வாடைக் காலத்துப் பயணத்தைத் திரும்பும் வழியை வைத்தே திட்டமிட வேண்டும். போகும் வழி எப்போதும் எளிதாகத்தான் இருக்கும்.

இந்தப் பருவத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. கரையோர நீரோட்டமும் வடக்கிலிருந்து தெற்கே பாய்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே போகும் படகைக் காற்று, அலை, ஓட்டம் மூன்றும் சேர்ந்து தள்ளிவிடும். எஞ்சின் சத்தமே கேட்காததுபோல் படகு வழுக்கிக்கொண்டு போகும். அதே வழியில் திரும்பும்போது மூன்றும் எதிரே நிற்கும். 8 நாட் (மணிக்கு ஏறக்குறைய 15 கி.மீ.) வேகத்தில் ஓடும் படகு எதிரலையில் 4 நாட் கூட எடுக்காமல் போகலாம். மூன்று மணி நேரத்தில் போன தொலைவுக்குத் திரும்பி வர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும், எரிபொருளும் அதே அளவில் கூடும். தெற்கே போவதாக இருந்தால் எரிபொருளில் கால் பங்கு போவதற்கு, அரைப் பங்கு வருவதற்கு, மீதிக் கால் பங்கு தொடாமல் வைப்பதற்கு என்று பிரித்துக்கொள்வதே நான் பரிந்துரைக்கும் கணக்கு.

நேரக் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். நவம்பர் இறுதியில் இந்தக் கரையில் மாலை 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நிலத்துக் காற்று இருக்கும் விடியற்காலையில் வாடை சற்று அடங்கியிருக்கும், முற்பகலுக்குப் பிறகு ஏறும். மழையோ பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் கடலிலிருந்து வந்து கரையில் கொட்டும். காற்று குறைந்த வேளையில் மழை கூடுகிறது, மழை விட்ட வேளையில் காற்று கூடுகிறது. இரண்டில் மழையை ஏற்றுக்கொள்வதுதான் அறிவுடைமை: நனைந்தபடி விடியலில் புறப்பட்டு, காற்று ஏறுவதற்குள் திரும்பிவிடும் தொலைவுக்கு மட்டும் போக வேண்டும்.

தொண்டி, கோட்டைப்பட்டினம் போன்ற பாக் விரிகுடாக் கரையிலிருந்து கிழக்கே போகிறவர்களுக்கு நிலைமை தலைகீழ். அவர்கள் எதிரலையில் போய், பின்னலையில் திரும்புகிறார்கள். திரும்புவது எளிது என்று தோன்றினாலும், அந்தக் கரை முழுவதும் காற்று கரையை நோக்கி அடிக்கும் இடம். எஞ்சின் நின்றால் படகு கரையில் மோதும்வரை தள்ளப்படும். பின்னலையில் ஓடும் படகு அலையின் முகத்தில் பக்கவாட்டில் திரும்பிக் கவிழும் ஆபத்தும் உண்டு. விரிகுடா ஆழமற்றது என்பதால் அலை நீளமாக இராமல் குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்தும் எழும். ஒரே உயரம் என்றாலும் வெளிக்கடல் அலையைவிட இது படகை அதிகம் அலைக்கழிக்கும்.

நாகப்பட்டினத்திலிருந்து பாம்பனுக்குப் படகைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. எந்த வழியில் போவது?

முடிந்தால் அக்டோபர் தொடக்கத்துக்குள் கொண்டுபோய்விட வேண்டும். முடியாவிட்டால், ஒரே ஓட்டமாகப் போகும் எண்ணத்தை விட்டுவிட்டுத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். கோடியக்கரை வரையுள்ள ஏறக்குறைய 55 கி.மீ. திறந்த வங்கக்கடல், அங்கே கரையேற நல்ல இடங்கள் குறைவு. ஆகவே தெளிவான நாள் ஒன்று கிடைக்கும்வரை நாகையிலேயே காத்திருக்க வேண்டியது முதல் நிபந்தனை. கோடியக்கரையில் அக்டோபர் முதல் மீன்பிடிப் பருவம் தொடங்குவதால் வெளியூர்ப் படகுகளும் ஆள்களும் அங்கே வந்து தங்கியிருப்பார்கள். கடல் நிலையைப் பற்றி அவர்களிடம் கேட்பது எந்தக் கைப்பேசிச் செயலியையும்விடப் பயன் தரும்.

கோடியக்கரையைச் சுற்றித் திரும்பியதும் ஒரு பொறி இருக்கிறது. ஜி.பி.எஸ். கருவியில் பாம்பனை நேரடியாகக் குறித்தால், அந்த நேர்கோடு 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் வகுக்கப்பட்ட இந்திய–இலங்கை எல்லைக் கோட்டைத் தாண்டி அப்பக்கம் போய்த் திரும்பும். எல்லைக் கோடு விரிகுடாவின் நடுவில் மேற்கு நோக்கி வளைந்து வருவதே காரணம். ஆகவே முதலில் மேற்கே கோட்டைப்பட்டினம், தொண்டிப் பக்கம் ஒரு புள்ளியும் அங்கிருந்து தெற்கே பாம்பனுக்கு இன்னொரு புள்ளியும் குறித்துக்கொள்ள வேண்டும். தொலைவு கூடினாலும் இடையில் மல்லிப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், தொண்டி என்று ஒதுங்க இடங்கள் கிடைக்கின்றன. பாம்பன் பாலத்தின் கீழே பாறைகளுக்கு நடுவே நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே வேகமாக இழுக்கும். அந்தத் துளையைப் பகல் வெளிச்சத்தில், ஊர்க்காரர் ஒருவர் படகில் இருக்கும்போது கடப்பது நல்லது. மேல்கட்டு உயரமான படகானால் தூக்குப்பாலம் திறக்கும் நாளுக்காகத் துறைமுக அலுவலகத்தில் அனுமதி பெற்றுக் காத்திருக்க வேண்டும்.

பாம்பனில் வாடைக்கு முன் படகுகளைத் தென்கடலுக்கு மாற்றுகிறார்களே, ஏன்?

பாம்பன் தீவு ஒரு சுவர்போல் நடுவில் நிற்கிறது. வாடை வீசும்போது வடக்கேயுள்ள பாக் விரிகுடா கொந்தளிக்கும், தெற்கேயுள்ள மன்னார் வளைகுடா தீவின் மறைவில் அடங்கியிருக்கும். சித்திரைக்குப் பிறகு தென்மேற்குக் காற்று வரும்போது இது மாறிவிடும். ஆகவே படகுகளை ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு மாற்றுவது அங்கே பரம்பரைப் பழக்கம். வீடும் சாமானுமாக வாடி (கரையோரக் குடிசை) மாறும் குடும்பங்களும் உண்டு.

இந்த மறைவு நிலையான காற்றுக்குத்தான் பொருந்தும், புயலுக்குப் பொருந்தாது. 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலை அருகே கரையைக் கடந்த புரெவிப் புயல், இலங்கையைத் தாண்டி நேரே மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, வலுவிழந்த நிலையில் இராமநாதபுரக் கரையருகே நெடுநேரம் நகராமல் நின்றது. தனுஷ்கோடியை 1964 டிசம்பர் 22 இரவு அழித்த புயலும் மார்கழியில்தான் வந்தது. தென்கடலில் கட்டியதோடு வேலை முடிந்ததென்று இருந்துவிட முடியாது.

ஆற்று முகத்துவாரத்தின் வழியாக வெளியேறுவது பாதுகாப்பானதா?

வெள்ளம் வடியும் நாள்களில் அல்ல. உள்ளேயிருந்து ஆற்று நீர் வேகமாக வெளியேற, வெளியேயிருந்து வாடை அலை அதற்கு எதிரே வந்து மோத, மணல்திட்டின் மேல் அலை எழுந்து நின்று உடையும். மணல்திட்டும் நேற்று இருந்த இடத்தில் இன்று இராது. கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாறு போன்ற இடங்களில் மேலே அணை திறந்திருக்கிறதா என்ற செய்தியையும் வானிலை அறிக்கையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உள்ளே நுழையும்போது அவசரப்படாமல் வெளியே நின்று அலைகளின் வரிசையைக் கவனித்து, பெரியவை கடந்து போன இடைவெளியில், ஓர் அலையின் முதுகின் பின்னாலேயே அதை முந்தாமல் வர வேண்டும்.

புயல் வருகிறது என்று உறுதியானால் படகைத் துறைமுகத்தில் கட்டுவதா, கரையேற்றுவதா?

ஆள்களைக் கொண்டு இழுக்கக்கூடிய படகு என்றால் கரையேற்றுவதே மேல். வழக்கமாக நிறுத்தும் கோட்டைவிட வெகு மேலே, மணல்மேட்டுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். எஞ்சின், பேட்டரி, வலை எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, படகின் அடியிலுள்ள அடைப்பானான அடித்தக்கையைக் கழற்றி மழைநீர் வடிய விட்டு, அணியத்தைக் காற்று வரும் திசைக்கு வைத்து, மண்ணில் ஆழப் புதைத்த நங்கூரங்களோடு பிணைக்க வேண்டும். தென்னை மரத்தில் கட்டுவதும் அதன் அடியில் நிறுத்துவதும் வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா, டெல்டா மாவட்டங்களின் தென்னந்தோப்புகளை என்ன செய்தது என்பதை அந்தப் பக்கத்தினர் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கரையேற்ற முடியாத படகுகளுக்குத் துறைமுகத்தில் பகை காற்றைவிடப் பக்கத்துப் படகுதான். நெருக்கிக் கட்டிய வரிசையில் ஒரு கயிறு அறுந்தால், அந்தப் படகு மற்றவற்றின் மேல் விழுந்து வரிசையையே உடைத்துவிடும். இடைவெளி விட்டுக் கட்டவும், இருபுறமும் பழைய டயர்களைத் தொங்கவிடவும், கயிறு விளிம்பில் உராயும் இடத்தில் ஹோஸ் குழாயைச் செருகவும் நேரம் ஒதுக்க வேண்டும். நங்கூரத்தை நம்பி நிற்பதானால், ஆழத்தைப்போல் 5 மடங்கு கயிறு சாதாரண நாளுக்குப் போதும். புயலுக்கு 8 முதல் 10 மடங்கு வேண்டும், நங்கூரத்தை ஒட்டிச் சில மீட்டர் சங்கிலியும் வேண்டும். கயிறு நைலானாக இருந்தால் இழுவையில் நெகிழ்ந்து கொடுக்கும். எந்த நிலையிலும் காவலுக்கு என்று ஆளைப் படகில் விட்டுவைக்கக் கூடாது.

நடுக்கடலில் இருக்கும்போது காற்றின் திசை மாறினால் என்ன பொருள்?

காற்றை முகத்துக்கு நேரே வைத்து நின்றால் தாழ்வின் மையம் ஏறக்குறைய வலப்பக்கத்தில் இருக்கும். வாடையை நோக்கி நிற்பவருக்கு அது தென்கிழக்கு. மையம் மேற்கு நோக்கி நகரும்போது, வாடை மெல்லக் கிழக்கே திரும்பிக் கொண்டல் என்ற கிழக்குக் காற்றாகி வலுத்தால், மையம் உங்களுக்குத் தெற்கே கடக்கிறது. நீங்கள் பலமான பக்கத்தில் இருக்கிறீர்கள். அலை கரையை நோக்கி ஏறும். வாடை வடக்காகி, வடமேற்காகி, கச்சான் என்ற மேற்குக் காற்றின் பக்கம் திரும்பினால் மையம் உங்களுக்கு வடக்கே கடக்கிறது. கிழக்குக் கரையில் அந்தக் காற்று படகை வெளிக்கடலுக்குத் தள்ளும். வலுத்த காற்று திடீரென்று ஓய்ந்துபோவதை நல்ல சகுனமாகக் கொண்டு யாரும் புறப்படக் கூடாது. மையம் மேலே நிற்கும்போதும் அப்படித்தான் ஓயும், பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும்.

மழை விட்டு வெயில் அடித்ததும் போகலாமா?

ஒரு தாழ்வு மேற்கே கடந்த பிறகு சில நாள் வெறிப்பு, அதாவது மழை ஓய்ந்த தெளிவு, கிடைப்பது வழக்கம். பயணத்தை மாற்றியமைப்பவர் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய சாளரம் அதுவே. ஆனால் முதல் நாளை விட்டுவிட வேண்டும். காற்று நின்றாலும் அலை உடனே நிற்காது. வெள்ளத்தில் வந்த மரத்துண்டுகளும் அறுந்த வலைகளும் நீர்மட்டத்தில் மிதந்துகொண்டிருக்கும். இரண்டாம் நாள் அதிகாலையில், அடுத்த தாழ்வு எங்கே உருவாகிறது என்ற அறிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்படலாம்.

படகில்லாத பயணிகள் தங்கள் திட்டத்தை எப்படி வகுப்பது?

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் சேவை 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, பருவமழையால் சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்ட் 16 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. வாடைக் காலத்தில் அந்த வழியை நம்பித் திருமணத் தேதியோ விமானச் சீட்டோ வைத்துக்கொள்ளக் கூடாது. யாழ்ப்பாணப் பக்கத்தில் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பயணம். காலையில் ஓடிய படகு பிற்பகலில் ஓடாமல் போகலாம் என்பதால், தீவில் ஓர் இரவு தங்க நேரும் என்ற ஏற்பாட்டோடும், வழக்கமாகச் சாப்பிடும் மருந்தோடும் போக வேண்டும். கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் கடல் சீற்றத்தின்போது நிறுத்தப்படும். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம் ஒரு பாறையிலிருந்து மறு பாறைக்குப் போக உதவுமே தவிர, கரையிலிருந்து பாறைக்குப் போகப் படகுதான் வேண்டும்.

தேதியை உங்கள் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமானால், பிப்ரவரி பிற்பகுதியும் மார்ச்சும் ஏற்றவை. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவும் அந்தப் பருவத்தில்தான் வருகிறது. இராமேசுவரத்திலிருந்து நூற்றுக்கணக்கானோர் படகில் போய்வர அந்தக் கடல் இடம் கொடுக்கிறது என்பதே போதுமான சான்று.

படகில் கட்டாயம் இருக்க வேண்டியவை எவை, ஆபத்தில் யாரை அழைப்பது?

ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புச் சட்டை இருக்க வேண்டும். அது சாக்குக்குள் இல்லாமல் உடலில் இருக்க வேண்டும். வி.எச்.எப். வானொலிக் கருவியில் 16-ஆம் அலைவரிசையைத் திறந்து வைத்திருங்கள். கைப்பேசி கரையை விட்டு விலகியதும் தொடர்பு இழக்கும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. நீர் புகாத உறையில் போட்டு வையுங்கள். நீர் இறைக்க வாளி, டார்ச், எஞ்சின் நின்றால் அணியத்தைக் காற்றுக்கு நேரே வைத்திருக்கப் போதிய கயிறும் நங்கூரமும், இரண்டு துடுப்புகள், ஒரு நாளுக்கான குடிநீர் ஆகியவை குறைந்தபட்சம். புறப்படும் முன் கரையில் ஒருவரிடம் போகும் இடம், ஆள்களின் எண்ணிக்கை, திரும்பும் நேரம் ஆகியவற்றைச் சொல்லி, எந்த நேரத்துக்குப் பிறகு உதவி கேட்க வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள்.

கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. அழைப்பு எந்த நொடியிலும் அறுந்துபோகலாம் என்பதால், முதலில் ஜி.பி.எஸ். காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைச் சொல்லுங்கள். அடுத்து எத்தனை பேர் இருக்கிறீர்கள், படகின் நிறமும் பதிவெண்ணும் என்ன என்று சொல்லுங்கள். என்ன நடந்தது என்பதை அதற்குப் பிறகு சொல்லலாம்.